மாமி காரைவிட்டு இறங்கவில்லை

இந்த மலரின் அட்டையைப் பார்த்ததும், அச்சகத்தில் படம் மாறிவிட்டதோ என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். மாறவில்லை. நீலக் கம்பளிச் சட்டையும் மண் ஒட்டிய ரப்பர் கம்பூட்ஸுமாக, படம் எடுத்தவரை முறைத்துக்கொண்டு நிற்கும் அந்த வெள்ளைக்காரப் பெண்மணிதான் என் மாமி. என் கணவரைப் பெற்றவர். சிரித்த படம் ஒன்று கிடைக்கவில்லையா என்று அண்ணி கேட்டார். கிடைத்தது. அதில் இருப்பவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

மாமி காலமான செய்தி கேட்டு, கனடாவில் இருக்கும் பெரியம்மா தொலைபேசியில் பேசினார். முப்பத்தோராம் நாள் மதிய போசனம் கொடுத்து, நம் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் கல்வெட்டு என்று ஒரு நினைவு மலரும் கொடுக்கப்போகிறேன் என்றேன்.

“வெள்ளைக்காரிக்கு என்னத்துக்குப் பிள்ளை கல்வெட்டு? ஆர் வாசிக்கிறது? அவவுக்குத் தமிழில ஒரு எழுத்துத் தெரியுமோ?”

தெரியாதுதான். ஆனால் எந்தக் கல்வெட்டையும் அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர் வாசித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதைப் பெரியம்மாவிடமே சொன்னேன். வாய்க்கொழுப்பு என்றார். இருக்கட்டும். ஐயர் இல்லாமல் என்ன முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று கேட்டவர்களும் உண்டு. மாமி கோயிலுக்கும் போனதில்லை, சர்ச்சுக்கும் போனதில்லை. போகாதவரை இறந்த பிறகு பிடித்து இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. சாப்பாடு இருக்கிறது, மலர் இருக்கிறது, வாருங்கள்.

மாமி ஒல்லாந்து நாட்டில், ரொட்டர்டாம் நகருக்கு அருகே, கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் ஒரு கிராமத்தில், தோட்டக்காரக் குடும்பமொன்றின் மூத்த மகளாகப் பிறந்தார். பிறந்த ஊரை வளமும் வனப்பும் மிக்கது என்று புகழ்ந்து தொடங்குவதுதான் முறை. மாமி தன் ஊரைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. எப்படியிருக்கும் உங்கள் ஊர் என்று கேட்டால், “ஈரம்” என்பார். அவ்வளவுதான் ஊர் வர்ணனை.

அவர் சிறுமியாக இருந்தபோது ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்தார்கள். யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில் உணவு அடியோடு நின்றுபோக, வீட்டில் விதைக்கு வைத்திருந்த டூலிப் பூக்கிழங்குகளை அவித்துச் சாப்பிட்டார்கள். தங்கை ஒருத்தி அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. இதை மாமி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் நாங்கள் வீட்டை விட்டு ஓடிய கதையை நான் சொல்லி அழுத நாள் அது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தன் கதையைச் சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தக்காளிக்குத் தண்ணீர் விட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடப்போனேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் மாமா நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். மாமி பின்னால் வருவதென்றால் மனைவியாக வருவதே வசதி என்பதால், ஊரில் மாமாவின் தம்பி மாப்பிள்ளையின் இடத்தில் நிற்க, கல்யாணம் நடந்தது. அங்கே உறுதிமொழி சொன்ன நேரத்தில் இங்கே மாமா யாரோ ஒருவருடைய பண்ணையில் மாடு கறந்துகொண்டிருந்தாராம். அது அவர்கள் நாட்டில் அந்தக் காலத்தில் இருந்த வழக்கம். மாப்பிள்ளை இல்லாத கல்யாணமோ என்று வாயைப் பிளந்த என் அம்மா, பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு, நாங்கள் படத்தைக் காட்டிப் பெண்ணைப் பிளேனில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புவதைவிட இது திறம் என்று தீர்ப்புச் சொன்னார். இதில் மாப்பிள்ளையின் தம்பியையாவது பார்த்தாயிற்றே.

வாரக்கணக்கில் கப்பலில் வந்திறங்கிய மாமிக்கு இங்கே கிடைத்த முதல் புத்திமதி, ஒல்லாந்து மொழியை இனிப் பேசாதீர்கள் என்பதுதான். தெருவில் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். கடையில் பேசினால், இது இங்கிலிஷ் பேசும் நாடு என்பார்கள். மாமாவும் மாமியும் நகரின் மேற்கோரம் ஹென்டர்சனில் ஒரு துண்டு நிலம் எடுத்து, பழைய ஜன்னல்களைச் சேர்த்துக் கண்ணாடி வீடு கட்டி, அதற்குள் தக்காளி போட்டார்கள். மாமா இளவயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த வாரம் சந்தையிலிருந்து லொறியோடு வந்தவர், முதலாளி எங்கே என்று கேட்டாராம். பெட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்து, “தூக்கிக்கொண்டிருப்பவள்தான்” என்றாராம் மாமி. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தக்காளியும் அவரும்தான். கூட ஒரே மகன்.

அந்த மகன்தான் பல்வலியோடு, நான் வேலை செய்த பல் வைத்தியரிடம் வந்தவர். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அதைப் பற்றி மாதக்கணக்கில் பேசியிருக்கிறீர்கள். அதிகம் பேசியது அம்மா.

“யாழ்ப்பாணத்தைப் பிடிச்சது காணாதெண்டு ஒல்லாந்தர் என்ர பிள்ளையையும் பிடிச்சிட்டினம்.”

சம்பந்தம் பேச அம்மாவும் அண்ணாவும் அண்ணியும் ஏவன்டேலிலிருந்து ஹென்டர்சனுக்கு முதல்முறை போனபோது நடந்ததையும் அறியாதவர் இல்லை. மாமி கோப்பி கொடுத்தார். பிஸ்கட் தகரத்தைத் திறந்து ஆளுக்கு ஒன்று நீட்டினார். பிறகு மூடியைப் போட்டு அழுத்தி, தகரத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டார். அண்ணி கோப்பியைக் குடிக்காமல் அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் அண்ணா சொல்லாமல் கொள்ளாமல் மாலை ஆறு மணிக்குப் போய் நின்றிருக்கிறார். மாமி கதவைத் திறந்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், எட்டு மணிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கஞ்சப் பிசினாறி, மனுசத் தன்மை இல்லாத ஆள் என்றெல்லாம் கதை நகரின் மறுகோடியில் இருக்கும் தகனினிவரை போயிற்று.

யுத்தத்தில் பட்டினி கிடந்ததால்தான் இப்படி என்று அண்ணா பிறகு பெருந்தன்மையோடு ஒரு காரணம் கண்டுபிடித்தார். நான் மாமியிடமே கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. பிஸ்கட் அப்படித்தானே கொடுப்பது என்றார். அவர்கள் நாட்டில் எல்லோரும் அப்படித்தான். அதில் கஞ்சத்தனமும் இல்லை, கண்ணீர்க் கதையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் உங்கள் ஆட்கள் ஒருகாலத்தில் கோட்டை கட்டி வைத்துக்கொண்டு எங்களை ஆண்டார்கள் தெரியுமா என்று அண்ணா ஒருநாள் அவரை மடக்கப் பார்த்தார். “நான் அங்கே இருக்கவில்லை. நான் தக்காளியோடு இருந்தேன்” என்றார் மாமி. அண்ணா அதோடு விட்டுவிட்டார்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்களும் மாமியின் வீட்டிலேயே இருந்தோம். மகளுக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தது. பாலர் பாடசாலையில் அவள் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை ஒருவர் என்னை அழைத்து, வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், பிள்ளைக்கு அதுதான் நல்லது என்றார். அன்பாகத்தான் சொன்னார். அண்ணாவும் அதையே சொன்னார். அவருடைய பிள்ளைகள் அப்போதே அப்பம்மாவான என் அம்மாவுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார்கள். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு அம்மா அண்ணியின் முகத்தைப் பார்ப்பார். அன்று மாலை, ஆறு மணிச் சாப்பாட்டில், மகளைக் கீரை சாப்பிடச் சொல்லி நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாமி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். ஏன் அவளோடு இப்படிப் பேசுகிறாய் என்று கேட்டார். ஆசிரியை சொன்னதைச் சொன்னேன். மாமியின் முகம் சிவந்துவிட்டது. அவருடைய ஆங்கிலத்துக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

“இவனுக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கும் ஒரு நர்ஸ் வந்தாள். உங்கள் மொழியில் பேசினால் பிள்ளை பின்தங்கிப்போகும் என்றாள். நல்ல பெண். நாங்களும் நல்ல பிள்ளைகளாகக் கேட்டுக்கொண்டோம். அப்போது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கடைக்குப் போதும், பிள்ளைக்குப் போதாது. பாட்டு இல்லை, கதை இல்லை. சாப்பிடு, படு, வா, போ. ஒரு நாயோடு பேசுகிற மாதிரிப் பேசித்தான் என் மகனை வளர்த்தேன்.”

என் கணவர் எதிரே இருந்தார். நாற்பது வயதில் இதை அவர் முதல்முறை கேட்கிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மெல்லச் சொன்னார்.

“நீ நன்றாக இருக்கிறாய். உனக்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான்” என்றார் மாமி.

மறுநாள் காலை மகளைப் பாடசாலைக்கு மாமியே கூட்டிக்கொண்டு போனார், கம்பூட்ஸோடு. பிள்ளையிடம் சொல்ல நிறைய இருக்கிறது, நீங்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து வீட்டில் அவர் போட்டதுதான் சட்டம். நான் மகளோடு தமிழ் மட்டும். மாமி அவளோடு ஒல்லாந்து மொழி மட்டும். ஆங்கிலம் அவளுக்குத் தெருவில் சும்மா கிடைக்கும், அதை வீட்டில் வேறு வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை என்றார். பிள்ளை குழம்பிப்போகும் என்று சொல்லாதவர் இல்லை. பிள்ளை குழம்பவில்லை. ஆறு மாதத்தில் மூன்றிலும் வாய் காட்டினாள். குழம்பிப்போனவர் என் கணவர்தான். ஒரு பக்கம் நாங்கள் தமிழ், மறுபக்கம் அவர்கள் ஒல்லாந்து. சொந்த மேசையில் விருந்தாளியைப் போல உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களும் படியுங்களேன் என்பேன். இந்த வயதில் எனக்கு இனி வராது என்பார். மாமி அவரை ஒருநாளும் வற்புறுத்தவில்லை. அது எனக்குக் கோபம். மாமியிடம் நான் கோபித்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மகளுக்கு ஆறு வயது. ஒரு காலையில் மாமி தக்காளிச் செடிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தார். பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் சோர்ந்துபோயின. பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பியது. ஆனால் நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பேசிய ஆங்கிலம் திரும்பவில்லை. வந்ததெல்லாம் ஒல்லாந்து மொழி. முதுமையில் இப்படி ஆவதுண்டு, முதலில் வந்த மொழி கடைசிவரை நிற்கும் என்று டொக்டர் சொன்னார். என் கணவர் கட்டிலருகே நின்று “மம், மம்” என்று ஆங்கிலத்தில் கேட்கக் கேட்க, மாமி ஏதேதோ பதில் சொன்னார். மகனுக்குத் தாய் சொன்னது விளங்கவில்லை, தாய்க்கு மகன் கேட்டது விளங்கவில்லை.

முதியோர் இல்லம்தான் வழி என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணா வீடு தேடி வந்து புத்தி சொன்னார்.

“நீ வேலைக்குப் போறனி, ஆர் பாக்கிறது? அவையின்ர ஆக்கள் வயசு போனால் அங்கதான் விடுறவை. அவவுக்கு அது பெரிய விசயமில்லை.”

அவர்களுடைய ஆட்கள் அப்படித்தான் என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவருக்குப் பெரிய விஷயமா இல்லையா என்று கேட்கவாவது வேண்டுமே. கேட்கக்கூடியவள் வீட்டில் ஒருத்திதான், அவளுக்கு ஆறு வயது. அந்தச் செய்தியைப் பேர்த்தியின் வாயால் சொல்லவைக்க என் கணவருக்கு மனம் வரவில்லை. நான் வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். இன்னொரு முறை விழுந்தால் யார் தூக்குவது என்று அவர் கேட்டார். அதோடு நான் சண்டையை விட்டேன். ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, நல்ல கோட்டைப் போட்டுவிட்டு, எங்கே போகிறோம் என்று ஒருவரும் சொல்லாமலே மாமியைக் காரில் ஏற்றினோம்.

இல்லத்தின் வாசலில் கார் நின்றது. பொறுப்பாளர் பெண்மணி சக்கர நாற்காலியோடு சிரித்துக்கொண்டு வந்தார். மாமி கட்டிடத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். இடது கையால் சீட்பெல்ட்டின் பூட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். என் கணவர் குனிந்து கெஞ்சினார். மாமி பேசத் தொடங்கினார். உரத்துக்கூடப் பேசவில்லை; நிறுத்தாமல், நேரே முன்னால் பார்த்துக்கொண்டு பேசினார். பொறுப்பாளர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்த மகளிடம், என்ன சொல்கிறார் என்று அவளுடைய தகப்பன் கேட்டார். அவள் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி எனக்கும் சொன்னாள்.

“ஓமா இறங்கமாட்டாவாம். கப்பலிலயிருந்து இறங்கினது தான் விரும்பினபடியாலாம். இதுக்கு விருப்பமில்லையாம். கையை வெட்டினாலும் இறங்கமாட்டாவாம்.”

ஓமா என்பது அவர்கள் மொழியில் அப்பம்மாவுக்குச் சொல்வது. என் கணவர் அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டு, கதவைச் சாத்திவிட்டு ஓட்டத் தொடங்கினார். வழியில் தெருமூலை டெய்ரிக் கடை ஒன்றில் நிறுத்தி எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். மாமி இடது கையாலேயே சாப்பிட்டார். சீட்பெல்ட்டைக் கழற்ற வீட்டு வாசலில்தான் விட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மாமி எங்களோடு இருந்தார். சுகமான ஒன்றரை வருடம் என்று எழுதினால் அது பொய். நான் அரைநாள் வேலைக்கு மாறினேன். தூக்கினோம், குளிப்பாட்டினோம், விழுந்தபோது திரும்பத் தூக்கினோம். இனி ஆங்கிலம் பேசியும் பயனில்லை என்று ஆனபின், நான் மாமியோடு தமிழிலேயே பேசினேன். அவர் ஒல்லாந்து மொழியில் என்னைத் திட்டுவார், நான் யாழ்ப்பாணத் தமிழில் திருப்பித் திட்டுவேன். அதற்கு முன் நாங்கள் அப்படி மனம்விட்டுச் சண்டை பிடித்ததே இல்லை. போஞ்சிக்காய் உரித்துக்கொண்டே மாமியிடம் நான் சொன்ன பல விஷயங்களை என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அவரும் நிறையச் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், அது எனக்குப் போதும்.

என் கணவருக்குத்தான் போதவில்லை. மகள் பள்ளியால் வந்தபிறகுதான் அவருக்குத் தாயோடு பேச்சு. “டாட், உங்களுக்குத் தலைமயிர் வெட்ட வேணுமாம்” என்பது போன்ற செய்திகள் அவளூடாக வரும். பெரிய விஷயங்களை ஒரு சிறு பிள்ளையின் மூலமோ, வாரம் ஒருமுறை வந்துபோகும் ஒல்லாந்துச் சிநேகிதியின் மூலமோ கேட்க முடியுமா? அவரும் கேட்கவில்லை, மாமியும் சொல்லவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் மாமி படுக்கையோடு படுத்துவிட்டார். இனிச் சில நாட்கள்தான் என்று டொக்டர் சொன்ன அன்று, என் கணவர் மகளைக் கண்ணாடி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பதை ஓமாவின் மொழியில் எப்படிச் சொல்வது என்று அவளிடம் கேட்டிருக்கிறார். சொல்லிக் கொடுத்தாள். மூன்று சொற்கள். காய்ந்த தக்காளிக் கொடிகளுக்கு நடுவே நின்று அவர் அதைப் பாடமாக்கிக்கொண்டிருந்ததை நான் சமையலறை ஜன்னலால் பார்த்தேன்.

மறுநாள் மதியம், மகள் பள்ளிக்கூடத்தில். அவர் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இரண்டு நாளாகத் திறக்காத கண்களை மாமி திறந்தார். சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? முகத்தைச் சுளித்தார். உச்சரிப்புச் சரியில்லை என்று தலையை அசைத்து, தானே ஒருமுறை சொல்லிக் காட்டினார். இவர் சொன்னார். மாமி திரும்பவும் திருத்தினார். சாகக் கிடந்த நேரத்திலும் பிழையை விடமாட்டார். அடுத்த தடவை சரியாக வந்திருக்க வேண்டும். கண்களை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

பிறகு மாமி மகனோடு பேசினார். நீண்ட நேரம், மெல்லிய குரலில், இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு. சில இடத்தில் அது பாட்டு மாதிரியும் இருந்தது. மொழிபெயர்க்க அங்கே யாரும் இல்லை. என் கணவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான். எல்லாவற்றுக்கும் அதையே பதிலாகச் சொன்னார். அவர் சொல்லும்போதெல்லாம் மாமி அவர் கையை அழுத்தினார். நான் கதவடியில் நின்று அழுதேன், உள்ளே போகவில்லை.

அடுத்த நாள் காலையில் மாமி போய்விட்டார். சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில்.

உதவியவர்களை மறக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மாமியைத் தனியாகத் தூக்கக்கூடிய ஒரே ஆளான பக்கத்து வீட்டுச் சமோவா நாட்டு அக்காவுக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த டொக்டருக்கும், அந்த ஒன்றரை வருடமும் வாரம் தவறாமல் தகனினியிலிருந்து மோட்டர்வேயில் வந்து மாமியோடு அவர் மொழியில் வம்பளந்த ஒல்லாந்துச் சிநேகிதிக்கும் எங்கள் வணக்கம். கடைசி நாட்களில் சோறும் சொதியும் சமைத்துக்கொண்டு வந்து, சம்பந்தியின் கால்மாட்டில் பேசாமல் இருந்த என் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கிய அண்ணாவுக்கும், இன்றைய சமையலைப் பொறுப்பெடுத்த அண்ணிக்கும் நன்றி. வெள்ளைக்காரிக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்ட எல்லோருக்கும் நன்றி. நீங்கள் கேட்டிராவிட்டால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

இன்று மண்டபத்தில், சாப்பாட்டுக்கு முன், இந்தக் கட்டுரையை எங்கள் மகள் எழுந்து நின்று தமிழில் வாசிப்பாள். அவள் முடித்ததும் அவளுடைய தகப்பன் எழும்பி, தன் தாயின் படத்தைப் பார்த்து, தாயின் மொழியில் தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொல்வார். அது உங்களுக்குச் சொல்வதில்லை. இருந்து கேளுங்கள்.